காம்பராவில் ஏறிய ஈரம்

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வருகிற பிள்ளைதான் முதலில் சொல்லும். இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததுமே, "என்னம்மா இது, வீடெல்லாம் பூஞ்சண வாடை அடிக்குது" என்று மூக்கைச் சுளிக்கும். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "மழ பேஞ்சா அப்படித்தான்" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். அவர் சமாளிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரே வாடைக்குள் இருக்கும் மூக்கு சிறிது நேரத்திலேயே அதைச் சட்டை செய்வதை விட்டுவிடும். மூன்றாம் நாள் பிள்ளைக்கும் அது தெரியாது. திரும்பக் கொழும்புக்குப் போய்ப் பையைத் திறந்து, உடுப்பிலிருந்து அது எழும்பும்போதுதான் மறுபடி தெரியும்.

பழைய வீட்டில் ஏறிய ஈர வாடையைப் போக்குவது எப்படி என்று கேட்டால் உலகம் முழுவதும் சொல்லப்படும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: யன்னலைத் திற, வெயிலில் காயப்போடு, கழுவித் துடை. ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இந்த மூன்றையும் பெண்கள் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வாடை போகவில்லை. அவர்கள் செய்தது தவறு என்பதால் அல்ல. வாடையை யாராலும் விரட்ட முடியாது, ஈரத்தைத்தான் நிறுத்த முடியும். லயத்தில் ஈரத்தை நிறுத்தும் வேலைகளில் முக்கியமானவை குடியிருப்பவர் கையில் இல்லை. இதைத் துப்புரவுப் பிரச்சினையாகப் பேசத் தொடங்கியதிலிருந்துதான் பேச்சு தடம் மாறியது என்பது என் கருத்து.

முதலில் வாடை என்றால் என்ன என்று பார்ப்போம். ஈரமான சுவர், மரம், துணி, கடதாசி இவற்றில் பூஞ்சணமும் சில பக்டீரியாக்களும் வளர்கின்றன. அவை வளரும்போது வெளிவிடும் ஆவிகளைத்தான் நாம் முகர்கிறோம். அவற்றில் ஒன்றின் பெயர் ஜியோஸ்மின். 1965இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் மணத்தில் இதற்குப் பெரிய பங்குண்டு. வட இந்தியாவில் கன்னோசி என்ற ஊரில் அந்த மண் மணத்தையே வடித்து அத்தராக விற்கிறார்கள். வெளியே மலையில் அடித்தால் மண்வாசனை, உள்ளே அலுமாரிக்குள் அடித்தால் நாற்றம். மனித மூக்கு இதை மிக மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். ஆகவே சுவரில் கறுப்புப் புள்ளி ஒன்றும் தெரியாத வீட்டிலும் வாடை இருக்கலாம். மெத்தைக்கு அடியிலோ, அலுமாரிக்குப் பின்னாலோ வேலை நடந்துகொண்டிருக்கும்.

பூஞ்சண வித்துக்கள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருப்பவை. அவற்றை அழித்துத் தீர்க்க முடியாது. அவை முளைக்க வேண்டுமானால் சுவரையொட்டிய காற்றின் ஈரப்பதன் பல நாட்களுக்கு 75, 80 சதவீதத்தைத் தாண்டி நிற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வீட்டுக்குள் ஈரம், பூஞ்சணம் பற்றிய வழிகாட்டியிலும், இத்தனை வித்துவரை ஆபத்தில்லை என்று ஓர் எண்ணைக் கொடுக்கவில்லை. ஈரம் தங்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு இருமலும் இழுப்பும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன, ஈரத்தைத் தங்கவிடாதீர்கள் என்பதே அதன் சாரம்.

இனி இந்த ஊரின் காற்று. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம், சராசரி வெப்பநிலை 16 பாகையளவு. ஹட்டன் அதைவிடத் தாழ்வு, ஆனால் தென்மேல் பருவமழை நேராக வந்து மோதும் பக்கம். இன்னும் கீழே வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றரளவு மழை. வைகாசியில் தொடங்கினால் புரட்டாசிவரை வெயில் என்பது விருந்தாளிதான்.

குளிர் காற்று கொஞ்சத் தண்ணீரைத்தான் தாங்கும். 16 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று அதிகமாகப் போனால் 13½ கிராம் நீராவியைச் சுமக்கும், 20 பாகையில் 17 கிராம். இதை ஒரு காம்பராவுக்கு, அதாவது லயத்து அறைக்கு, பொருத்திப் பாருங்கள். பழைய லயத்துக் காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. உயரம் 10 அடி என்று வைத்தால் உள்ளே இருப்பது 34 கனமீற்றர் காற்று. 20 பாகையில் அந்தக் காற்று முழுவதும் தாங்கக்கூடிய தண்ணீர் அரை லீற்றரைச் சற்றே தாண்டும். தூங்கும் ஒரு மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் கால் லீற்றருக்குக் குறையாமல் விடுகிறார். ஆறு பேர் படுத்திருந்தால் ஒன்றரை லீற்றர். இதில் கொடியில் தொங்கும் ஈரத்துணியும், மலையிலிருந்து நனைந்து வந்த கம்பளியும் படங்கும் சேரவில்லை. குளிருக்குக் கதவு அடைத்திருக்கிறது. மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? காம்பராவில் ஆகக் குளிர்ந்த இடத்தில் போய்ப் படியும், அதாவது கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்திலும் வெளிச்சுவரின் மூலையிலும். விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டுவதை மழை ஒழுக்கு என்று நினைத்துத் தார் பூசியவர்கள் உண்டு. முந்திய இரவு மழையே இருந்திருக்காது.

இங்கேதான் "யன்னலைத் திற" என்ற அறிவுரை சறுக்குகிறது. ஆடி மாதத்து மூடுபனி நேரத்தில் யன்னலைத் திறந்தால் உள்ளே வருவது நிறைந்த ஈரக் காற்று. அந்தக் காற்றையே உள்ளே வைத்து ஐந்தாறு பாகை சூடாக்கினால் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு இறங்கும். காற்றோட்டம் பயன்பட வேண்டுமானால் சிறு வெக்கையும் கூட வேண்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ எழுதப்பட்ட குறிப்பு மலைக்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான். மலையில் யன்னல் திறக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்தல்ல, பனியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்: வெளிச்சம் வந்து பனி கலைந்த பத்து மணி முதல் மூன்று மணிவரை திறப்பது, பனி இறங்கும் முன் அடைப்பது. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. அம்மா கொழுந்து மலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கதவில் பூட்டு.

வெள்ளைக்காரத் துரைமாருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. அவர்களுடைய பங்களாக்களைப் பாருங்கள். அடித்தளம் உயர்த்திக் கட்டியது. பலகைத் தரைக்குக் கீழே காற்றுப் போக வழி. அறைக்கு அறை கணப்பு. கணப்பு குளிருக்காக மட்டும் அல்ல. எரியும் நெருப்பு அறைக் காற்றைப் புகைபோக்கி வழியாக இழுத்து வெளியே தள்ளும், அந்த இடத்துக்கு வரும் புதுக் காற்றை வெதுவெதுப்பாக்கும். காற்றோட்டமும் வெக்கையும் ஒரே அடுப்பில். நெருப்பு அணைந்து ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பங்களாவிலும் லயத்து வாடையேதான் அடிக்கும், பூஞ்சணம் ஆளின் தரம் பார்ப்பதில்லை.

இன்னும் கூர்மையான சாட்சி தேயிலைத் தொழிற்சாலை. தேயிலை செய்வதே ஈரத்தை ஆளும் தொழில்தான். கொழுந்தை வாடவைப்பது, அரைப்பது, புளிக்கவிடுவது, உலர்த்துவது என்று ஒவ்வொரு படியிலும் காற்றின் ஈரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 100 கிலோ பச்சைக் கொழுந்து 21, 22 கிலோ தூளாகி வெளிவரும்போது அதில் மிஞ்சும் ஈரம் 3 சதவீதமளவு. அதன் பிறகும் காவல். ஈரம் ஏறினால் தூள் பூஞ்சண வாடை பிடிக்கும், சுவைப்பவர் ஒரு வாயிலேயே கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார். அதனால் அன்று பெட்டிக்குள் ஈயத்தாள், இன்று பைக்குள் உறை; வேற்று வாடையும் பிடிக்கும் என்பதால் களஞ்சியத்தில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் வைக்கத் தடை. தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இலிருந்து இந்தத் தொழிலை ஆராய்கிறது. ஈரம் என்ன செய்யும் என்று தெரியாத ஊர் அல்ல இது. தெரிந்த அறிவு தொழிற்சாலைக் கேற்றுக்கு வெளியே நூறு யார் தூரம் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

லயத்தின் உடம்பைப் பார்ப்போம். கோப்பிக் காலத்தில் தொடங்கிய கட்டட முறை இது. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டு, தோட்டங்கள் தேயிலைக்கு மாறியபோதும் லயம் மாறவில்லை. கருங்கல்லை மண் சாந்தாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ அடுக்கிய சுவர், மேலே தகரம். மலைச்சரிவை வெட்டிக் கிடைத்த ஒடுங்கிய தட்டில் வரிசையாகக் கட்டியதால் பல லயங்களின் பின்சுவர் மண் அணையோடு ஒட்டிக்கொண்டோ அதற்கு ஒரு முழம் தள்ளியோ நிற்கும். அத்திவாரத்துக்கு மேலே ஈரத் தடுப்புப் படை கிடையாது. மண்ணிலிருக்கும் தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் சுவருக்குள் ஏறும், இடுப்பளவுக்கு. அந்த உயரத்தில் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது என்று அர்த்தம். மேல் மூலையில் கறுப்புப் புள்ளியானால் அது உள்ளிருந்தவர்களின் மூச்சு. ஆணித் துளைக்குக் கீழே மஞ்சள் கறை வளையமானால் கூரை. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல இதை முதலில் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்தாலும் வெயில் காலத்தில் அதை வெளியே விட்டுவிடும். பிற்காலத்தில் "ஸ்ட்ரோங்கா இருக்கட்டும்" என்று அதன்மேல் சீமெந்து பூசினார்கள். சீமெந்துப் பூச்சு கீழிருந்து ஏறும் ஈரத்தை நிறுத்தாது, வெளியேறும் வழியைத்தான் அடைக்கும். ஈரம் இன்னும் மேலே ஏறி, கடைசியில் பூச்சையே பொக்கென்று உப்பவைத்து உதிர்க்கும். அதன்மேல் பளபளப்பான பெயிண்ட் அடித்தால் கதை முடிந்தது. தீபாவளிக்குப் பெயிண்ட் அடிப்பதை யாரும் குறைசொல்ல முடியாது. வருடத்துக்கு ஒருமுறை வீடு நிறம் பார்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் கல்லும் மண்ணுமான சுவருக்கு நீற்றிய சுண்ணாம்பே சரி. அதன் காரத்தில் பூஞ்சணம் முளைக்காது. காரம் நாளாக ஆகக் குறைந்துவிடும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை வைத்தவர்கள் வேதியியல் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் சரியாகத்தான் வைத்தார்கள்.

வீட்டில் கையாளும் மற்ற வைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாம்பிராணி வாடையை மூடும், போக்காது. கரித்துண்டும் காய்ந்த தேயிலைச் சக்கையும் சப்பாத்துக்குள், தகரப் பெட்டிக்குள் வைக்க நல்லவை; இரவுக்கு ஒன்றரை லீற்றர் சேரும் காம்பராவில் ஒரு கிண்ணம் கரியால் என்ன ஆகும்? பூச்சி உருண்டையைக் கைக்குழந்தையின் துணியோடு போடவே கூடாது. சில குழந்தைகளுக்கு அதன் ஆவியால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். பிளீச்சிங் பவுடர் ஓடு, கண்ணாடி போன்ற வழுவழுப்பான பரப்புக்குப் பயன்படும். சுவரில் தேய்த்தால் நிறம் வெளுக்கும், வேர் உள்ளே இருக்கும், அதோடு கரைத்த தண்ணீரும் சுவருக்குள் போகும். அமோனியா உள்ள எதனோடும், வினாகிரியோடும் அதைக் கலப்பது உயிராபத்து. சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, அன்றே காயவைப்பதுதான் பெரும்பாலான சுவருக்குப் போதும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நனைந்த மெத்தை இரண்டு நாளில் காயாவிட்டால் அதை இழந்ததாகவே எண்ண வேண்டும். மனசு கேட்காது, மெத்தை என்ன விலை விற்கிறது என்று எனக்கும் தெரியும். கூரை அஸ்பெஸ்டஸ் ஷீட்டாக இருந்தால் அதிலுள்ள பாசியையும் பூஞ்சணத்தையும் பிரஷ்ஷால் உரசாதீர்கள். வாடையைவிடப் பெரிய வினை அதன் நாரில் இருக்கிறது. ஈரம் உறிஞ்சும் மின்சாதனம் பற்றிக் கேட்கிறார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே அதை வைப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது, மின்கட்டணம் தனி.

அடுப்பைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து சுமந்து வரும் தேயிலைக் கிளைகளான மிலாறுதான் பல வீடுகளில் இன்னும் விறகு. பச்சை மிலாறின் எடையில் பாதியளவு தண்ணீர். அதை வீட்டுக்குள் அடுக்கிக் காயவைத்தால் அந்தத் தண்ணீரும் வீட்டுக்குத்தான். புகை கூரையில் படிந்து பூஞ்சணத்தைத் தடுக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் புகை முதலில் போய்ப் படிவது அடுப்படியில் நிற்கும் பெண்ணின் நெஞ்சில். சரி, காஸ் வாங்கினால்? புகை போய்விடும், ஈரம் கூடும். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் பிறக்கும். 12½ கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறத்தாழ 20 லீற்றர், ஒரு பெரிய கலன், நம் காம்பராவின் காற்றில் ஊற்றப்பட்டிருக்கும். இதை நம்புவது கடினம். சுடரிலிருந்து தண்ணீர் வருமென்று யார் நினைப்பார்? ஆகவே எந்த அடுப்பானாலும் புகைபோக்கி வேண்டும், அல்லது அடுப்புக்கு நேர் மேலே சுவரில் வெளித்திறப்பு வேண்டும். ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்று ஒரு குடும்பம் என்னைக் கேட்டால் பெயிண்ட், டைல்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் புகைபோக்கி என்பேன். துரை பங்களாவில் நடந்தது அதுதான்.

அடுத்தது கான், அதாவது வடிகால். தேயிலை மலையில் மண் கரையாமலிருக்கக் கான் வெட்டுவது தோட்டத்தில் ஒரு தொழில். அதற்குப் பேர் போட்டு ஆள் விடுவார்கள். அதே கைகள் லயத்துக்குப் பின்னால், சுவருக்கும் அணைக்கும் இடையில், வீட்டுத் தரைமட்டத்துக்கு அரையடியாவது கீழே இறங்கும் ஒரு கானை வெட்டி, சரிவு விட்டுக் கொடுத்தால் கீழிருந்து ஏறும் ஈரத்தில் பெரும்பங்கு நின்றுவிடும். கூரை விளிம்பில் பீலி இல்லாததால் கொட்டும் மழை சுவரடியில் குழி பறித்து, தெறித்துத் திரும்பவும் சுவரையே நனைக்கிறது. பீலி என்றால் நம் ஊரில் தண்ணீர் பிடிக்கும், குளிக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். கூரைக்கும் ஒன்று வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. அணையை ஆழமாகத் தோண்டிச் செங்குத்தாக விடக் கூடாது. திடீரென்று புதிய இடத்தில் ஊற்று, கலங்கல் தண்ணீர், தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரம் இவற்றில் எது கண்டாலும் அது வாடைப் பிரச்சினை அல்ல, மண்சரிவின் அறிகுறி. வீட்டை விட்டு வெளியேறி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை மலையகம் மறக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு மிஞ்சும் கேள்வி: பின்சுவரில் யன்னல் உடைக்க, கூரை மாற்ற, கான் வெட்ட யார் அனுமதிப்பது, யார் செலவழிப்பது? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. மக்கள் சுருக்கமாக "ட்ரஸ்ட்" என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் கூரை மாற்றும் திட்டங்களையும் வீட்டுத் திட்டங்களையும் நடத்துகிறது. 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அதிகார சபையும் சட்டமாக வந்தது. இத்தனை கை மாறியும் லயத்தில் இருப்பவர் அந்தச் சுவரின் சொந்தக்காரர் ஆகவில்லை. சொந்தமில்லாத சுவரில் யார் கைக்காசைப் போடுவார்? போடுகிறவர்களும், நாளை இடிக்கச் சொன்னால் என்ன செய்வது என்ற யோசனையோடு தகரத்தாலும் பலகையாலும் ஒட்டுப்போடுகிறார்கள். அந்த ஒட்டுக்கள் இருக்கிற காற்றையும் அடைக்கின்றன. ஈர வாடைக்குப் பின்னால் காணி உறுதி இல்லாத கதை இருக்கிறது என்று நான் சொன்னால் மிகைப்படுத்துவதாகத் தோன்றலாம். பின்சுவரில் யன்னல் வைக்க எழுதிக் கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

ஒற்றை வரிசை லயத்தைச் சரிசெய்யலாம். பின்யன்னல், கான், பீலி, தகரத்துக்குக் கீழே சீலிங், புகைபோக்கி என்று ஐந்தும் சேர்ந்தால் ஒரு பருவத்திலேயே வித்தியாசம் தெரியும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்துக்கு அப்படி இல்லை. மூன்று பக்கமும் அயல்வீட்டுச் சுவர், ஒரு பக்கம் மட்டும் கதவு. காற்று நுழைந்தாலும் போக வழி கிடையாது. அதற்கு எந்த வைத்தியமும் இல்லை. இடித்துவிட்டு வேறிடத்தில் கட்டுவதே ஒரே வழி என்று தயங்காமல் சொல்வேன்.

வேறிடத்தில் கட்டுகிறார்கள், உண்மைதான். இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது அறிவித்த 10,000 வீடுகள். வீட்டுக்கு 7 பேர்ச் காணி, 550 சதுர அடி. தனி வீடு, நாலு பக்கமும் யன்னல், இது பெரிய மாற்றம். ஆனாலும் மெல்லிய புளொக் கல் சுவர் இரவில் சீக்கிரம் குளிரும், குளிர்ந்த சுவரில் மூச்சு படியும். குளிருக்குப் பயந்து நாலு யன்னலையும் அடைத்தால் புது வீட்டிலும் இரண்டு மாரியில் அதே வாடை வரும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், துணியை இஸ்தோப்பில் காயப்போடுங்கள், அடுப்படிக்குப் புகைபோக்கி கேளுங்கள்.

லயங்களைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்கும் முகாமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மழை குறைந்த மாசி மாதத்தில் வராதீர்கள், ஆடியில் வாருங்கள். காலை ஐந்து மணிக்கு, கதவு திறக்கும் முன் வாருங்கள். வரும்போது தொழிற்சாலையில் தொங்கும் அந்த இரட்டை வெப்பமானியைக் கழற்றி எடுத்து வந்து, ஒரு வாரத்துக்கு ஒரு காம்பராவில் தொங்கவிடுங்கள். கொழுந்துக்கு எழுதுகிற அதே கொப்பியில், அடுத்த பக்கத்தில், அந்த எண்ணையும் எழுதுங்கள்.